அத்திமரம் நின்ற இடம்

1967ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் திகதி, திங்கட்கிழமை காலை, கெய்ரோ பல்கலைக்கழகத்தின் பரீட்சை மண்டபத்தில் இருபத்திரண்டு வயதுப் பலஸ்தீன மாணவர் ஒருவர் லத்தீன் மொழிப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தார். அதை முடித்து, மிச்சமிருந்த பரீட்சைகளையும் எழுதிவிட்டால் ஆங்கில இலக்கியத்தில் பட்டம் கிடைத்துவிடும். பட்டத்தோடு பலஸ்தீனத்தின் மேற்குக் கரையிலுள்ள ரமல்லாவுக்குத் திரும்பினால் வீட்டில் கொண்டாட்டம் காத்திருந்தது. அன்று காலையிலேயே இஸ்ரேலுக்கும் அண்டை அரபு நாடுகளுக்கும் இடையில் போர் தொடங்கியது. ஆறு நாட்களில் அது முடிந்தபோது மேற்குக் கரை முழுவதும் இஸ்ரேலின் ஆக்கிரமிப்புக்குள் போயிருந்தது. அந்த வேளையில் வெளியூரில் இருந்தவர்களுக்கு வீடு திரும்பும் வழி அடைபட்டது. மாணவருக்குப் பட்டம் கிடைத்தது. அதை மாட்டிவைக்க ஒரு சுவர்தான் கிடைக்கவில்லை. இந்த வரியை அவரே எழுதியிருக்கிறார், எந்த அலங்காரமும் இல்லாமல், ஒரு கணக்கை எழுதி முடிப்பவரைப் போல.

அவர் கவிஞர் முரீத் பர்கூதி. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழித்து, 1996ஆம் ஆண்டுக் கோடையில், தன் மண்ணுக்குள் சில நாட்கள் சென்றுவர அனுமதி பெற்று அவர் மேற்கொண்ட பயணமே ‘ரமல்லாவைப் பார்த்தேன்’ என்னும் நினைவுநூல். 1997இல் அரபு மொழியில் வெளிவந்து, அதே ஆண்டில் அரபு இலக்கியத்துக்கான நகீப் மஹ்ஃபூஸ் பதக்கத்தைப் பெற்றது. 2000ஆம் ஆண்டில், பலஸ்தீன அறிஞர் எட்வர்ட் சயீதின் முன்னுரையோடு, எகிப்திய நாவலாசிரியை அஹ்தாஃப் ஸுவைஃபின் ஆங்கில மொழிபெயர்ப்பில் வந்தது. நான் வாசித்தது அந்த ஆங்கிலப் பிரதியைத்தான். இந்த மாரி காலத்தில் மூன்றாவது முறையாக வாசித்து முடித்தேன். முதல் இரண்டு வாசிப்பிலும் என் கண்ணில் படாமல் போன ஒன்று இம்முறை என்னை நிறுத்தி வைத்துக்கொண்டது. அதை எழுதுவதற்காகவே இந்தப் பதிவு.

நூல் ஒரு பாலத்தில் தொடங்குகிறது. யோர்தான் ஆற்றின் மீதுள்ள அந்தச் சிறிய மரப்பாலத்தை அவர் நடந்து கடக்கிறார். பலகைகள் காலடியில் கிறீச்சிடுகின்றன. தோளில் ஒரு சிறு பை. கீழே ஓடும் ஆற்றில் தண்ணீர் என்று சொல்ல அதிகம் இல்லை. அந்தப் பாலத்துக்கு எத்தனை பெயர்கள் என்று அவர் சொல்லும் இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். பாடகி ஃபைரூஸுக்கு அது திரும்புதலின் பாலம். யோர்தானியர்களுக்கு ஹுசைன் மன்னர் பாலம். பலஸ்தீன அதிகாரசபைக்கு அல் கராமா கடவை. சாதாரண மக்களும் பஸ் சாரதிகளும் அதை இன்னமும் அலன்பி பாலம் என்கிறார்கள். அது முதலாம் உலகப் போரில் ஜெருசலேமைக் கைப்பற்றிய பிரித்தானியத் தளபதியின் பெயர். பர்கூதியின் அம்மாவுக்கும் அதற்கு முன் பாட்டிக்கும் அது வெறும் ‘பாலம்’. பெயர் வைத்தவர்கள் எல்லோரும் அந்தப் பாலத்தைத் தங்களுக்கு உரியதாக்க முயன்றிருக்கிறார்கள். அதைக் கடந்தாக வேண்டிய பெண்களுக்கு மட்டும் பெயர் தேவைப்படவில்லை.

கடக்கும் முன் வெயிலில் காத்திருக்கும்போது, நெற்றியிலிருந்து ஒரு துளி வியர்வை வழிந்து மூக்குக்கண்ணாடியின் சட்டத்துக்கு வருகிறது, பிறகு கண்ணாடியில் இறங்குகிறது. தான் காண்பதையும், காணப்போவதாக எண்ணியதையும், நினைவில் வைத்திருந்ததையும் ஒரே மங்கல் மூடிவிடுவதாக அவர் எழுதுகிறார். முழு நூலும் இந்த மூன்றுக்கும் இடையில்தான் நடக்கிறது. நாடிழந்தவர்கள் எழுதிய நினைவுநூல்கள் பலவற்றில் மூன்றாவது மட்டும் பெருகி வழிந்து மற்ற இரண்டையும் மூழ்கடித்துவிடும். ஊர் எப்போதும் பச்சையாக இருக்கும், கிணற்றுத் தண்ணீர் எப்போதும் இனிக்கும். பர்கூதி அப்படி எழுத மறுக்கிறார், அதுவும் முதல் சில மணி நேரத்திலேயே.

பாலத்தைக் கடந்து ரமல்லாவை நோக்கி வாகனம் போகிறது. பாதையின் இருபுறமும் சுண்ணாம்பு நிறத்தில் மொட்டைக் குன்றுகள். எகிப்தில் படித்த காலத்தில் நண்பர்களிடம் பலஸ்தீனம் என்பது மரங்களும் செடிகளும் காட்டுப்பூக்களும் நிறைந்த பச்சை நிலம் என்று அவர் சொல்லியிருந்தார். இப்போது கண்ணெதிரே இருப்பது என்ன? அப்படியானால் இவ்வளவு காலமும் நான் பொய் சொல்லிக்கொண்டிருந்தேனா என்று தன்னையே கேட்கிறார். அல்லது பாதையைத்தான் மாற்றிவிட்டார்களா, சிறுவயதில் பார்த்திராத இந்த வறண்ட வழியாகக் கூட்டிப் போகிறார்களா என்றும் கேட்கிறார். இரண்டு கேள்விக்கும் அங்கே விடை இல்லை. முப்பது ஆண்டுகள் ஒரு மண்ணுக்காக ஏங்கிய மனிதர், அதில் கால் வைத்த முதல் மணி நேரத்தில் தன் நினைவையே சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறார். இதைச் செய்ய எவ்வளவு துணிவு வேண்டும் என்பதை, ஊரைவிட்டுப் போன உறவினர்களின் நடுவில் வளர்ந்த எனக்கு ஓரளவு தெரியும்.

பலஸ்தீனத்தின் பிள்ளைகளாக இருந்த எங்களை, பலஸ்தீனம் என்ற எண்ணத்தின் பிள்ளைகளாக நீண்டகால ஆக்கிரமிப்பு மாற்றிவிட்டது என்ற பொருளில் அவர் ஓரிடத்தில் எழுதுகிறார். இந்த வாக்கியத்தைப் பலர் எடுத்தாள்கிறார்கள். ஆனால் இதன் வலி புரிய வேண்டுமானால் அவர் சொல்லும் சிறிய பொருட்களின் பக்கம் போக வேண்டும். ரமல்லாவுக்கு அருகில் அவர் பிறந்த ஊரான தெய்ர் கஸ்ஸானாவில் ஆலிவ் எண்ணெய் யாரும் விலைக்கு வாங்கும் பொருள் அல்ல. அவரவர் மரத்துக் காய், அவரவர் எண்ணெய். எங்கள் பக்கத்தில் பழையவர்கள் தேங்காய் காசுக்கு வாங்குவதை எப்படிக் குறைவாக நினைத்தார்களோ அப்படி. அந்த ஊர்ப்பிள்ளை கெய்ரோவில் ஒரு மளிகைக் கடைக்குப் போய் ஆலிவ் எண்ணெயைக் காசு கொடுத்து வாங்க நேர்ந்தபோது உணர்ந்த கூச்சத்தை அவர் மறைக்காமல் எழுதுகிறார். நாடு போனது என்பது அவருக்கு அந்தக் கடையில், அந்தப் போத்தலைக் கையில் வாங்கியபோதுதான் உறைத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

தொலைபேசியைப் பற்றிய பக்கங்களும் அப்படியே. 1967க்குப் பிறகு அந்தக் குடும்பம் பல நாடுகளில் சிதறியது. அவர்களுடைய பிறப்பும் இறப்பும் திருமணமும் நோயும் எல்லாம் தொலைபேசி மணியில் தொடங்கின. 1993இல் அவருடைய அண்ணன் முனீஃப் பாரிஸ் நகரத்தில் இறந்த செய்தியும் தொலைபேசியில்தான் வந்தது. நள்ளிரவில் மணி அடித்தால் எடுக்க முன்னரே நெஞ்சு உலர்ந்துபோகும் அந்தப் பயத்தை எங்கள் ஊரில் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. ஏறக்குறைய எல்லா வீட்டிலும் யாரோ ஒருவர் ரொறன்ரோவிலோ பாரிஸிலோ ஒஸ்லோவிலோ இருக்கிறார். ரொறன்ரோவில் இருப்பவர்களுக்கு எங்கள் பகல் இரவு, அவர்கள் பகல் எங்களுக்கு இரவு.

மகனைப் பற்றிய அத்தியாயத்தை மட்டும் நான் எப்போதும் மெதுவாக வாசிப்பேன். எகிப்திய நாவலாசிரியை ரத்வா ஆஷூரை அவர் 1970இல் மணந்தார். 1977இல் தமீம் பிறந்தார். அதே ஆண்டு நவம்பரில் எகிப்திய ஜனாதிபதி அன்வர் சதாத் இஸ்ரேலுடன் சமாதானம் பேச ஜெருசலேமுக்குப் போனபோது, அதை எதிர்க்கக்கூடியவர்கள் என்று கருதப்பட்ட பலஸ்தீனர்கள் பலரை எகிப்து வெளியேற்றியது. குழந்தைக்கு ஐந்து மாதம். தந்தை விமானம் ஏற்றப்பட்டார். பிறகு பதினேழு ஆண்டுகள். அவர் புடாபெஸ்ட் நகரில் வாழ, மனைவி கெய்ரோவில் கற்பித்துக்கொண்டிருக்க, விடுமுறைக்கு விடுமுறை மட்டும் மூவரும் ஒன்றாக இருந்த வாழ்க்கை அது. வந்துபோகும் ஆண்களை ‘மாமா’ என்று அழைத்துப் பழகிய அந்தச் சின்னப்பிள்ளை, தன் தந்தையைப் பார்த்ததும் ‘மாமா அப்பா’ என்று அழைத்தான். அரபு மொழியிலும் இரண்டு சின்னச் சொற்கள்தான். அத்தியாயத்தின் தலைப்பும் அதுவே.

இனி அத்திமரம்.

தெய்ர் கஸ்ஸானாவில் அவருடைய பெருங்குடும்பத்தின் வீட்டுக்கு ‘தார் ரஅத்’ என்று பெயர். அதன் முற்றத்தில் ஒரு பெரிய அத்திமரம் நின்றது. முற்றம் முழுவதும் கிளை விரித்த மரம். தலைமுறைகள் அதன் பழத்தைத் தின்று வளர்ந்திருந்தன. பார்க்க வாய்ப்பே கிடைக்காத மகனுக்கும் அந்த மரத்தைப் பற்றிச் சொல்லிச் சொல்லியே அவர் வளர்த்திருந்தார். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு அந்த முற்றத்தில் காலடி வைக்கிறார். மரம் இல்லை. அது எழுந்து நின்ற இடத்தில் சீமெந்து. வெட்டியது ஆக்கிரமிப்புப் படை அல்ல, குடியேற்றக்காரர்கள் அல்ல. அந்த வீட்டிலேயே தங்கிவிட்ட, அவருடைய உறவினரான ஒரு மூதாட்டி. ஏன் வெட்டினீர்கள் என்று கேட்டபோது அவள் சொன்ன பதிலின் சாரம் இது: போனவர்கள் போய்விட்டீர்கள், செத்தவர்கள் செத்துவிட்டார்கள், நான் யாருக்கு இந்தப் பழத்தைக் கொடுப்பது? பறிக்க ஆள் இல்லை, தின்ன ஆள் இல்லை, பழங்கள் கொப்பிலேயே காய்ந்து விழுந்து முற்றம் முழுவதும் அழுக்காகிறது. என்னால் முடியவில்லை, வெட்டிவிட்டேன்.

முதல் இரண்டு வாசிப்பிலும் இந்த இடத்தில் நான் பர்கூதியோடு சேர்ந்து துக்கப்பட்டேன். மூன்றாவது முறை வாசித்தபோது, மழை பெய்துகொண்டிருந்த ஒரு பின்னேரம், அம்மா விறாந்தையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தா. ஏதோ தோன்றி, இந்தப் பக்கத்தை அவவுக்குத் தமிழில் சொல்லிக்காட்டினேன். அழுவா என்று நினைத்தேன். அம்மா கையை நிறுத்தாமலே கேட்டா:

“அவ சொன்னதிலை என்ன பிழை பிள்ளை? விழுந்து அழுகிறதைக் கூட்டி அள்ளுறது ஆர்?”

என் தாய்மாமன்மார் இருவரும் 1980களில் கனடாவுக்குப் போனவர்கள். பெரியமாமா இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 2012இல், முதல் தடவையாக ஊருக்கு வந்தார். படலையைத் திறந்து உள்ளே வந்தவர், வீட்டுக்குள் ஏறாமல் நேரே வளவின் பின்பக்கம் நடந்து, கிணற்றடியில் போய் நின்றார். “தங்கச்சி, இதிலை நிண்ட கறுத்தக்கொழும்பான் எங்கை?” என்று கேட்டார். அந்த மாமரத்தை அம்மா சில ஆண்டுகளுக்கு முன் ஆள் பிடித்துத் தறித்திருந்தா. அதன் வேர் கிணற்றுக் கட்டைப் பிளந்துகொண்டிருந்தது. இலை கிணற்றுக்குள் விழுந்து அழுகியது. காய்க்கும் காலத்தில் விழும் பழத்துக்கு ஈயும் பூச்சியும் மொய்த்தன. அப்பா இறந்துவிட்டார், நான் படிப்புக்காக வெளியூரில் இருந்தேன், வளவில் அம்மா தனியே. மாமா ஒன்றும் சொல்லவில்லை. கிணற்றுக் கட்டில் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார். அன்றிரவு சாப்பாட்டின்போது இருவரும் அதிகம் கதைக்கவில்லை. அம்மா மரத்தைக் காப்பாற்றியிருக்கலாம் என்று நான் மனதுக்குள் மாமாவின் பக்கம் நின்றேன். அம்மாவிடம் கேட்கவும் இல்லை. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு, தெய்ர் கஸ்ஸானாவின் மூதாட்டி வாயால்தான் என் அம்மாவின் பதிலை நான் கேட்டேன்.

ஊரை நினைத்து ஏங்குகிறவருக்கு மரம் என்பது நிழலும் பழமும். ஊரில் தங்கியவருக்கு அதே மரம் ஒவ்வொரு விடியலிலும் ஒரு கூட்டுமாறும் குனிந்த முதுகும். இரண்டும் உண்மை. நாடிழந்தவரின் நூலில் இரண்டாவது உண்மைக்குப் பெரும்பாலும் இடம் இருப்பதில்லை, ஏனென்றால் எழுதுகிறவர் போனவர். பர்கூதி மரம் வெட்டப்பட்ட செய்தியை மட்டும் எழுதி, நெஞ்சுருகி, அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கலாம். வாசகர் அனைவரும் அவரோடு அழுதிருப்பார்கள். அவர் அந்த மூதாட்டியைப் பேசவிட்டார். அவளுடைய பேச்சை மறுத்து ஒரு வார்த்தையும் எழுதவில்லை. இந்த நூலை நான் நம்புவதற்கு இந்த ஒரு பக்கம் போதும்.

இதற்குப் பிறகு, முன்பு வேகமாகக் கடந்துபோன சில இடங்களும் எனக்கு வேறு விதமாகத் தெரிந்தன. தன் ஊரைப் பற்றி எழுதும்போது அவர் அதன் கடுமைகளையும் மறைப்பதில்லை. பள்ளிக்கூடம் போக ஆசைப்பட்ட தன் தாய் சகீனாவின் படிப்பு சிறுவயதிலேயே நின்றுபோனதை, அந்தத் தாய் வாழ்நாள் முழுவதும் அதை மறக்காததை எழுதியிருக்கிறார். ஆக்கிரமிப்பு எங்கள் கிராமத்தை அசையாமல் நிறுத்திவைத்தது, எங்கள் நகரங்களைக் கிராமங்களாக்கியது என்று அவர் கோபப்படுகிறார். ஊரின் பழைய ஆலைக்காக நாங்கள் அழவில்லை, இன்னும் கட்டப்படாமல் போன நூலகத்துக்காக அழுகிறோம். கடந்த காலத்தை மீட்பது எங்கள் ஆசை அல்ல, எதிர்காலத்தை மீட்பதே என்ற கருத்தில் அவர் எழுதும் பத்தி இந்த நூலின் முதுகெலும்பு. ஓர் ஊர் தானாக மாறி, தானாகப் பழுதாகி, தானாக வளரும் உரிமையைக்கூட இழந்தது என்பதே அவருடைய முறைப்பாடு. மாறாத ஊர் வேண்டும் என்று அவர் கேட்கவே இல்லை. அந்த மூதாட்டி மரத்தை வெட்டியது, பார்க்கப்போனால், அந்த ஊர் தன் விருப்பப்படி செய்துகொண்ட சில மாற்றங்களில் ஒன்று.

அரசியலை எழுதும் இடங்களில் எல்லாமே இதே உயரத்தில் இருப்பதாக என்னால் சொல்ல முடியவில்லை. 1993இல் இஸ்ரேலும் பலஸ்தீன விடுதலை இயக்கமும் செய்துகொண்ட ஒஸ்லோ உடன்பாட்டுக்குப் பின் உருவான பலஸ்தீன அதிகாரசபையைப் பற்றிய சில பக்கங்கள் அந்தக் காலத்துப் பத்திரிகைக் கட்டுரையின் சாயலில் இருக்கின்றன. ஆனால் ஓர் இடம் விதிவிலக்கு. அந்த உடன்பாட்டின்போது வெள்ளை மாளிகையில் இஸ்ரேலியப் பிரதமர் யிட்சாக் ரபீன் ஆற்றிய உரையைக் கேட்டபின், உண்மையைக் குழப்புவதற்கு மொழியில் ஓர் எளிய வழி உண்டு என்கிறார் பர்கூதி: கதையை ‘இரண்டாவதாக’ என்று தொடங்கிவிட வேண்டும். முதலில் என்ன நடந்தது என்பதை விட்டுவிட்டு இரண்டாவதிலிருந்து தொடங்கினால், அமெரிக்கப் பூர்வகுடிகளின் அம்புகள்தான் முதல் குற்றம், வெள்ளையர்களின் துப்பாக்கி பாவம், அது பாதிக்கப்பட்டது என்றாகிவிடும். இதை வாசித்த நாளிலிருந்து செய்தி கேட்கும்போதெல்லாம் என் காது ‘முதலாவதை’த் தேடுகிறது.

இறந்தவர்கள் இந்த நூலில் எங்கும் கூடவே வருகிறார்கள். 1972இல் பெய்ரூட்டில் காரில் வைத்த குண்டுக்குப் பலியான எழுத்தாளர் கஸ்ஸான் கனஃபானி, 1987இல் லண்டன் தெருவில் சுடப்பட்ட கேலிச்சித்திரக்காரர் நாஜி அல் அலி, பாரிஸில் போன அண்ணன் முனீஃப். பாலத்தைக் கடக்கும்போது அவர் தனியாகக் கடக்கவில்லை என்ற உணர்வு வாசிக்கிறவருக்கும் வந்துவிடுகிறது. திரும்ப முடியாமல் போனவர்கள் எல்லோரையும் அந்தச் சிறு பையோடு அவர் சுமந்து போகிறார். நூல் முடியும் இடத்தில் மகன் தமீமுக்கு அனுமதிப் பத்திரம் பெறுவதற்கான ஆவணங்களோடு அவர் மறுபடி அந்தப் பாலத்தைக் கடக்கத் தயாராகிறார்.

அந்த அனுமதி கிடைத்தது. 1998இல் தந்தையும் மகனும் சேர்ந்து தெய்ர் கஸ்ஸானாவுக்குப் போனார்கள். அந்தப் பயணம் 2009இல் அரபு மொழியில் வெளிவந்த அடுத்த நூலில் இருக்கிறது. அதன் தலைப்பு ‘அங்கே பிறந்தேன், இங்கே பிறந்தேன்’. மகனிடம் வெளிநாட்டில் இருந்து கதை சொன்ன காலமெல்லாம் ‘அங்கே பிறந்தேன்’ என்று சொன்னவர், தார் ரஅத்தின் அறையில் மகனோடு நின்றபோதுதான் ‘இங்கே’ என்று சொல்ல முடிந்தது. ரத்வா 2014இல் மறைந்தார். பர்கூதி 2021 பெப்ரவரியில், பாலத்தின் மறுபக்கமான அம்மானில் இறந்தார்.

பெரியமாமாவுக்கு இப்போது எழுபத்தாறு வயது. சென்ற வாரம் தொலைபேசியில் அவருக்கும் இந்த அத்திமரக் கதையைச் சொன்னேன். அந்த மூதாட்டியின் பதிலையும் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை; அங்கே பனி கொட்டுவதாக மட்டும் சொன்னார். பிறகு, “அம்மாட்டைப் போனைக் குடு” என்றார். கொடுத்தேன். அவர் என்ன கேட்டாரோ தெரியாது, அம்மா சொன்னது மட்டும் எனக்குக் கேட்டது: “ஓம் அண்ணை, அதே இடத்திலை இல்லை, கொஞ்சம் தள்ளி. வேலியோரம். ஒட்டுக்கண்டு, ஆளுயரம் வந்திட்டுது.”